எந்தப் பல்கலைக்கழகம் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் ஐ-20ஐப் பாருங்கள்

தம்பி, இந்தியாவில் எல்.எல்.பி. முடித்துவிட்டீர்கள், கோர்ட்டுக்குப் போய் வாதாட மனமில்லை. அமெரிக்காவில் எம்.எல்.ஐ.எஸ். (நூலக, தகவல் அறிவியல் முதுகலை) படித்துச் சட்ட நூலகர் ஆகலாமா, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, வாடகை எவ்வளவு, குளிர் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாடகையும் குளிரும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பணம் கட்டிய பிறகு தெரிந்தால் பயனில்லாத விஷயங்கள் சில இருக்கின்றன, அவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது ஆன்லைன். எம்.எல்.ஐ.எஸ். படிப்புகள் பல இன்று முழுக்க ஆன்லைனில்தான் நடக்கின்றன. வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் உள்ளூர்க்காரருக்கு அது வரம். எஃப்-1 மாணவர் விசாவில் வருகிறவருக்கு உதவாது. முழுநேரப் படிப்புக் கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் மட்டும்தான் சேரும். முழுக்க ஆன்லைன் படிப்பு என்றால், மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவம் கிடையாது. பட்டம் முடிக்க ஒரே பாடம் பாக்கியிருந்தால் அதை ஆன்லைனில் எடுக்கவும் முடியாது. அதனால் சேர்க்கை அலுவலகத்தோடு நிறுத்தாமல் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் எழுதுங்கள். "கடைசிப் பருவம் வரை வளாகத்தில் போதுமான வகுப்பு நடக்குமா?" என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஐ-20இல் பட்டத்தின் பெயர் பக்கத்தில் இருக்கும் ஆறு இலக்க சி.ஐ.பி. எண், அதாவது பாடத்துறையைக் குறிக்கும் எண். 25.0101 என்றால் நூலக, தகவல் அறிவியல். அது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இல்லை. 11.0401 என்றால் தகவல் அறிவியல். அது பட்டியலில் இருக்கிறது. முதல் எண்ணுக்கு ஓ.பி.டி., அதாவது படிப்பு முடிந்து வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதத்தோடு முடிந்தது. இரண்டாவது எண்ணுக்கு, முதலாளி இ-வெரிஃபையில் (ஊழியரின் வேலை உரிமையைச் சரிபார்க்கும் அரசு முறை) பதிவு செய்திருந்தால், இன்னும் 24 மாதம் கிடைக்கும். வெளியிலிருந்து பார்த்தால் பாடங்கள் ஒன்றுபோலவே இருக்கும், எண் மட்டும் பள்ளிக்குப் பள்ளி மாறும். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை கன்சல்டன்சிக்காரர் சொல்லாமல் விடுவதை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அதே ஆட்கள்தான் "எல்.எல்.எம். ஒரு வருடம் முடித்தால் போதும்" என்றும் சொல்கிறார்கள். போதாது. சட்டக் கல்லூரி நூலகங்களில் ரெஃபரன்ஸ் பணிக்கு வரும் விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். பெரும்பாலும் இரண்டு பட்டம் கேட்பார்கள்: ஏ.எல்.ஏ. (அமெரிக்க நூலகச் சங்கம்) அங்கீகாரம் பெற்ற எம்.எல்.ஐ.எஸ்., ஏ.பி.ஏ. (அமெரிக்க வழக்கறிஞர் சங்கம்) அங்கீகாரம் பெற்ற ஜே.டி. என்ற அமெரிக்கச் சட்டப் பட்டம். ஜே.டி. மூன்று வருடம், செலவும் அதற்கேற்ப. சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் நடத்தும் சட்ட நூலகர் படிப்பும் ஜே.டி. முடித்தவர்களை மனதில் வைத்து அமைத்ததுதான். வெளிநாட்டுச் சட்டம், சர்வதேசச் சட்டம் பார்க்கும் நூலகர் பணியில் மட்டும் சில இடங்களில் வெளிநாட்டுச் சட்டப் பட்டத்தை மதிப்பார்கள். உங்கள் எல்.எல்.பி. எடுபடும் இடம் அது.

ஜே.டி. இல்லாமல் போகக்கூடிய கதவுகளும் இருக்கின்றன: வக்கீல் நிறுவனங்கள், கோர்ட் நூலகங்கள், அரசு அலுவலகங்கள். வக்கீல் நிறுவனங்களில் "நூலகர்" என்று தேடினால் பாதி வேலை கண்ணில் படாது. ரிசர்ச் அனலிஸ்ட், நாலெட்ஜ் மேனேஜ்மெண்ட், ரிசர்ச் சர்வீசஸ், இன்ஃபர்மேஷன் கவர்னன்ஸ் என்றும் தேடுங்கள். விசாவில் ஒரு வித்தியாசம் உண்டு. பல்கலைக்கழகம் எடுத்தால் எச்-1பி வேலை விசாவுக்கு வருடாந்திர உச்சவரம்பு கிடையாது. தனியார் நிறுவனம் என்றால் 65,000, அமெரிக்க முதுகலைக்காரருக்கு மேலும் 20,000 என்ற வரம்புக்குள் குலுக்கல். விதிகள் அடிக்கடி மாறுவதால் விண்ணப்பிக்கும் வாரத்தில் அரசின் குடியேற்றத் தளத்தையே பாருங்கள், வாட்ஸப் குழுவை நம்பாதீர்கள். நம் ஆட்களில் பலர் "லைப்ரரியா? பேசாமல் டேட்டா சயின்ஸுக்கு மாறு" என்பார்கள். இந்த வேலை என்னவென்று தெரியாமல் சொல்வது அது.

வேலையின் சாரம் ஒரே கேள்வி: இந்தச் சட்டம் இன்றைக்கும் செல்லுமா? மத்திய அரசு விதிகளின் தொகுப்பான சி.எஃப்.ஆரை எடுத்துக்கொள்ளுங்கள். 50 தலைப்புகள். எல்லாம் ஒரே நாளில் புதுப்பிக்கப்படுவதில்லை. 1 முதல் 16 வரை ஜனவரி 1 நிலவரம், 17 முதல் 27 வரை ஏப்ரல் 1, 28 முதல் 41 வரை ஜூலை 1, 42 முதல் 50 வரை அக்டோபர் 1. சுற்றுச்சூழல் விதிகள் 40ஆம் தலைப்பு. மே மாதத்தில் அந்த அச்சுப் பிரதியைத் திறந்தால் போன ஜூலை நிலவரம்தான் இருக்கும். நடுவில் வந்த திருத்தங்களை அரசிதழான ஃபெடரல் ரெஜிஸ்டரில் தேடிச் சேர்க்க வேண்டும். தினமும் புதுப்பிக்கும் மின்பதிப்பு இருக்கிறது. ஆனால் இருபது வருடம் முன்பு ஒரு குறிப்பிட்ட நாளில் விதி எப்படி இருந்தது என்று வக்கீல் கேட்கும்போது இந்தக் கணக்கு தெரிந்தவர்தான் தேவைப்படுவார்.

அச்சுக் காலத்தில் இதெல்லாம் கைவேலை. சட்டப் புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கம் ஒரு பை மாதிரி இருக்கும். வருடா வருடம் வரும் மெல்லிய இணைப்பை அதில் செருகி, பழையதை உருவி எடுக்க வேண்டும். பிரிவைப் புத்தகத்தில் படித்துவிட்டு அந்தப் பையைப் பார்க்காமல் மூடினால், ரத்தான வாசகத்தையே மேற்கோள் காட்டிவிடுவோம். தீர்ப்புகளுக்கு 1873இல் ஃபிராங்க் ஷெப்பர்ட் தொடங்கிய மேற்கோள் பட்டியல்: ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த எந்தத் தீர்ப்புகள் ஏற்றன, எவை தள்ளின என்று அதில் பார்க்கலாம். இன்று அதே வேலையை லெக்ஸிஸ், வெஸ்ட்லா என்ற சட்டத் தரவுத்தளங்கள் சிவப்புக் குறி போட்டுக் காட்டுகின்றன. குறி எதற்காக விழுந்தது என்று திறந்து படிக்க ஆள் வேண்டும். ஒரு தீர்ப்பில் ஒரு சட்டப் புள்ளி மட்டும் விழுந்து மற்றது நிற்கலாம். 2023இல் நியூயார்க் மத்திய கோர்ட்டில் சாட்ஜிபிடி தந்த இல்லாத தீர்ப்புகளைத் தாக்கல் செய்ததற்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. அந்தத் தீர்ப்புகளை ஒருமுறை தேடிப் பார்த்திருந்தால் தாக்கல் செய்யும் முன்பே பிடிபட்டிருக்கும்.

எல்.எல்.பி. முடித்தவருக்கு ஒரு தனி எச்சரிக்கை. வீட்டைக் காலி செய்யச் சொன்ன நோட்டீஸோடு ஒருவர் கவுண்ட்டருக்கு வருவார். "எத்தனை நாளில் பதில் போடணும்?" என்பார். உங்களுக்கு விடை தெரியும், வாய் வரை வந்துவிடும். சொல்லாதீர்கள். பிரிவை எடுத்துக் கொடுக்கலாம், படிவம் எங்கே என்று காட்டலாம், இலவச சட்ட உதவி அலுவலகத்தின் எண்ணைத் தரலாம். அவருடைய நோட்டீஸைப் பார்த்து நாளை எண்ணிச் சொன்னால் அது சட்ட ஆலோசனை. உரிமமில்லாமல் வக்கீல் தொழில் செய்ததாக ஆகிவிடும்.

பாடம் தேர்ந்தெடுக்கும்போது சட்ட ஆராய்ச்சி, அரசு ஆவணங்கள், மெட்டாடேட்டா (ஆவணங்களைப் பற்றிய விவரக் குறிப்பு), தரவுத்தள ஒப்பந்தம் இந்த நான்கையும் விடாதீர்கள். பயிற்சிப் பணியை சி.பி.டி.யில் (படிக்கும்போதே வேலை பார்க்கும் அனுமதி) எடுக்கலாம், ஆனால் முழுநேரமாக 12 மாதம் ஆகிவிட்டால் அந்தப் பட்டத்துக்கான ஓ.பி.டி. போய்விடும்.

விசா வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். மாற்றுத்திறனாளிகளுக்கான 1990ஆம் வருட அமெரிக்கச் சட்டத்தை எடுங்கள். எண் 101-336, அதாவது 101ஆவது காங்கிரஸின் (அமெரிக்க நாடாளுமன்றம்) 336ஆவது சட்டம். செனட் மசோதா 933இலிருந்து வந்தது அது. குழு அறிக்கை, விவாதம், கடைசி வாசகம் என்று ஒவ்வொன்றாகத் தேடுங்கள். எது காங்கிரஸ்.கவ், கவ்இன்ஃபோ போன்ற இலவசத் தளங்களில் கிடைத்தது, எதற்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள்.