பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்: மனச்சோர்வும் சத்து மாத்திரைகளும்: கேள்வி-பதில்

கடிதங்கள் வந்த வரிசையில் பதில் எழுதுவதுதான் என் வழக்கம். இந்த முறை ஒன்றை மட்டும் முன்னால் எடுக்கிறேன்.

மூன்று மாதமாகச் சாப்பாடு இறங்கவில்லை. விடியற்காலை மூன்றரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. இருந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. மாத்திரைக்குப் பயம். எந்த வைட்டமின் எடுக்கலாம்?

எந்த வைட்டமினும் வேண்டாம். இதைப் படித்ததும் வீட்டில் ஒருவரிடம், அல்லது நம்பிக்கையான ஒரு நண்பரிடம், எனக்கு எழுதிய அதே வார்த்தைகளில் சொல்லுங்கள். இன்றைக்கே அவரைக் கூட்டிக்கொண்டு மனநல மருத்துவரிடம் போங்கள். அவர் கிடைக்காவிட்டால் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போகலாம், அதற்குத்தான் அது இருக்கிறது. சாப்பாடும் தூக்கமும் இந்த அளவுக்குப் போய், வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணமும் வந்துவிட்டால், அது சத்துக் குறைவு என்ற கட்டத்தைத் தாண்டியாயிற்று. ஆனால் இது சரியாகக்கூடிய நோய்தான். சரியாகி வீடு திரும்பியவர்களை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரை பற்றிய பயத்தை டாக்டரிடமே சொல்லுங்கள். அதைக் கேட்பதும் அவர் வேலைதான்.

வைட்டமின் டி குறைவு என்று 60,000 யூனிட் எழுதிக் கொடுத்தார்கள். ஒரு மாதமாகத் தினமும் எடுக்கிறேன். சோர்வு போகவில்லை, குமட்டல்தான் மிச்சம். அளவைக் கூட்டலாமா?

நிறுத்துங்கள். அந்தச் சீட்டைத் தேடி எடுத்துப் படியுங்கள், ‘வாரம் ஒன்று’ என்றுதான் இருக்கும். எட்டு வாரத்துக்கு எட்டு என்றால் 4,80,000 யூனிட். நீங்கள் ஒரே மாதத்தில் 18 லட்சம் யூனிட் உள்ளே அனுப்பியிருக்கிறீர்கள். நாளையே ரத்தத்தில் கால்சியமும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். வைட்டமின் டி மிஞ்சிக் கால்சியம் ஏறினால் குமட்டல், மலச்சிக்கல், ஓயாத தாகம், மந்தம் எல்லாம் வரும். பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும்.

குறைவு இருந்தால் ஈடுகட்ட வேண்டியதுதான், அதில் மறுபேச்சு இல்லை. அதற்காக வைட்டமின் டி-யை மனச்சோர்வு மருந்து என்று நினைக்க வேண்டாம். 50 வயது தாண்டிய 18,000 பேருக்கு மேல் சேர்த்து, தினம் 2,000 யூனிட் வீதம் ஐந்து வருடம் கொடுத்துப் பார்த்தார்கள். 2020-ல் முடிவு வந்தது. மனச்சோர்வைத் தடுப்பதில் மருந்தே இல்லாத வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியவில்லை.

மீன் எண்ணெய் 1000 மி.கி. தினம் ஒன்று. மனச்சோர்வுக்குப் போதுமா?

பாட்டிலைத் திருப்புங்கள். இதை எத்தனை தடவை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. முன்பக்கத்து 1000 மி.கி. என்பது எண்ணெயின் எடை. பின்பக்கம் பொடி எழுத்தில் இ.பி.ஏ. 180, டி.எச்.ஏ. 120 என்று இருக்கும். இரண்டும் ஒமேகா-3 கொழுப்பு வகைகள். மனச்சோர்வுக்கு ஓரளவு பலன் காட்டியது இ.பி.ஏ. தூக்கலாக உள்ள தயாரிப்புதான். மொத்த ஒமேகா-3-ல் 60 சதவீதமாவது இ.பி.ஏ. இருக்க வேண்டும், தினம் ஒரு கிராமிலிருந்து இரண்டு கிராம் வரை. அதுவும் வழக்கமான மருந்தோடு சேர்த்து எடுக்கும்போது. உங்கள் கேப்சூலில் ஒரு கிராம் இ.பி.ஏ. தேற்ற ஐந்தாறு விழுங்க வேண்டும். செறிவு கூடியதாக வாங்குங்கள், இல்லாவிட்டால் பணத்தை மிச்சம் பிடியுங்கள். சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: ஆளிவிதை எண்ணெயில் இருப்பது வேறு வகை, உடல் அதை இ.பி.ஏ.-வாக மாற்றுவது சொற்பம். பாசி எண்ணெயில் பெரும்பாலும் டி.எச்.ஏ.தான் மிகுதி, அங்கேயும் பின்பக்கம் பார்த்தே வாங்குங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் கேட்டுக்கொண்டு தொடங்கவும்.

ஒமேகா-3 தொடங்கி இரண்டே வாரத்தில் மனசு தெளிந்துவிட்டது. அதனால் ஆறு வாரமாக எடுத்த எஸ்சிட்டலோபிராமைப் போன வாரம் நிறுத்திவிட்டேன். இப்போது தலைசுற்றல், தலைக்குள் சுரீர் சுரீரென்று மின்சாரம் ஓடுவது போல் இருக்கிறது. ஒமேகா-3-ன் பக்கவிளைவா?

இல்லை, மருந்தைத் திடீரென்று நிறுத்தியதன் விளைவு. உங்கள் கடிதத்தை நீங்களே ஒரு தடவை படித்துப் பாருங்கள். மனச்சோர்வு மருந்து முழுதாக வேலை காட்ட நாலிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். உங்களுக்குத் தெளிவு வந்தது சரியாக அந்தச் சமயத்தில். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, காக்கைக்கு மாலை போட்டுவிட்டீர்கள். டாக்டரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். நிறுத்துவதானால்கூடக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும், அதுவும் குணமாகிப் பல மாதங்கள் ஆன பிறகு.

மனச்சோர்வுக்கு செர்ட்ராலின் 50 எடுக்கிறேன், கருத்தடை மாத்திரையும் உண்டு. தோழி ஒருத்தி செயின்ட் ஜான்ஸ் வோர்ட் கொடுத்தாள். மூலிகைதானே, இயற்கையானதுதானே? டாக்டரிடம் சொன்னால் திட்டுவார். சொல்லாமல் எடுக்கலாமா?

கூடாது. பாட்டிலை மூடி வையுங்கள், மீதியைப் பிறகு படிக்கலாம்.

‘இயற்கையானதுதானே’ என்று எந்தக் கடிதத்தில் பார்த்தாலும் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறுகிறது. மார்ஃபின் ஒரு செடியின் பாலிலிருந்து வந்தது. இதய மருந்தான டிகாக்சின் ஒரு பூச்செடியின் இலையிலிருந்து வந்தது. அவற்றை யாரும் தோழி கொடுத்தாள் என்று வாயில் போட்டுக்கொள்வதில்லை.

இந்த மூலிகையை நான் குறைத்துச் சொல்லவில்லை. லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு இவ்வளவு ஆராய்ச்சி நடந்த மூலிகை வேறு இல்லை. 2008-ல் 29 ஆய்வுகளை, சுமார் 5,500 பேரை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். வெற்று மாத்திரையைவிட மேல், வழக்கமான மருந்துகளுக்குச் சமம் என்றுதான் வந்தது. ஜெர்மன் பேசும் நாடுகளின் ஆய்வுகளில் பலன் இன்னும் தூக்கலாகத் தெரிந்தது. எல்லா ஆய்வும் அப்படியில்லை. 2002-ல் அமெரிக்காவில் 340 பேரிடம் நடந்த ஆய்வில் மூலிகையும் வெற்று மாத்திரையை முந்தவில்லை, ஒப்பிடக் கொடுத்த செர்ட்ராலினும் முந்தவில்லை. ஆக, இது வேலை செய்யக்கூடிய பொருள். என் பயமே அதுதான்.

அதிலுள்ள ஹைப்பர்ஃபோரின் என்ற பொருள் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதியைத் தட்டி எழுப்பிவிடும். அப்புறம் நீங்கள் எடுக்கும் மற்ற மருந்துகள் வேலையை முடிக்கும் முன்னே வெளியே போய்விடும். கருத்தடை மாத்திரையும் அந்தப் பட்டியலில் உண்டு. மாத்திரையை ஒரு நாள் விடாமல் எடுத்தும் கருத்தரித்தவர்கள் இருக்கிறார்கள். 2000-ல் சூரிச்சில் இதய மாற்று சிகிச்சை பெற்ற இரண்டு பேர் இந்த மூலிகையைத் தொடங்கினார்கள். நிராகரிப்பைத் தடுக்க எடுத்த சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு ரத்தத்தில் சரிந்து, பொருத்திய இதயத்தை உடல் நிராகரிக்கத் தொடங்கிவிட்டது. அதே வருடம் இந்தினாவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தின் அளவு இதனால் பாதிக்கும் கீழே போவதையும் காட்டினார்கள். செர்ட்ராலினோடு சேரும்போது ஆபத்து வேறு விதம். செரட்டோனின் என்ற மூளை ரசாயனம் மிஞ்சிப்போய் வியர்வை, நடுக்கம், படபடப்பு, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் என்று போகும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே சில நாள் எடுத்திருந்தால், நிறுத்திய பிறகும் சுமார் இரண்டு வாரம் அந்த நொதி அடங்காது. நிறுத்தியதிலிருந்து நாலு வாரம் வரை வேறு கருத்தடை முறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டாக்டர் திட்டுவார் என்றீர்கள். ஒரு முறை எங்கள் மருந்தகத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் எடுப்பவர். இரண்டு மாதமாக ரத்தப் பரிசோதனையில் அளவு பிடிபடவே இல்லை என்று டாக்டர் டோஸைக் கூட்டிக்கொண்டே போயிருந்தார். ‘வீட்டில் இருப்பதை எல்லாம் ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்’ என்றேன். மறுநாள் மேசையில் கொட்டினார். மாத்திரை அட்டைகளுக்கு நடுவில் பாதி காலியான ஒரு டீ பாக்கெட். ‘அது டீதானே சார்’ என்றார். மஞ்சள் பூ படம், இதே மூலிகை. அவர் அன்றைக்கே டீயை மட்டும் நிறுத்திவிட்டுப் போயிருந்தால், கூட்டி வைத்த வார்ஃபரின் முழுசாக ரத்தத்தில் ஏறியிருக்கும், எங்கே ரத்தம் கசிந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பரிசோதனை பார்த்துப் பார்த்து டோஸை இறக்க மூன்று வாரம் ஆயிற்று. திட்டு வாங்குவது இதைவிட எவ்வளவோ மேல். சொல்லிவிடுங்கள். டீ, பொடி, லேகியம், கம்மி மிட்டாய், எந்த வடிவில் இருந்தாலும் சொல்லிவிடுங்கள்.

என் மகனுக்கு 19 வயது. டிப்ரஷன். நல்ல மல்டிவைட்டமின் ஒன்று சொல்லவும்.

யார் டிப்ரஷன் என்று சொன்னது, எத்தனை நாளாக, என்ன மருந்து, ரத்தப் பரிசோதனை ஆயிற்றா, ஒன்றையும் எழுதவில்லை. ஒரு வரிக் கடிதத்துக்கு ஒரு வரிப் பதில்: மல்டிவைட்டமின் மனச்சோர்வுக்கு மருந்தில்லை. தைராய்டு, பி12, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), வைட்டமின் டி நாலையும் பார்த்துவிட்டு, எது குறைவோ அதை மட்டும் கொடுங்கள். அதற்கு முன்னால் டாக்டரைப் பாருங்கள்.

வயது 58. எட்டு வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், மூன்று வருடமாக அமிலத்துக்கு ஒமெப்ரசோல். ஆறு மாதமாகப் பாதம் மரத்துப்போகிறது, மறதி, எதிலும் பிடிப்பில்லை. ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. நானாகவே தொடங்கினேன். தொடரலாமா?

கடிதம் என்றால் இப்படி எழுத வேண்டும். பதில் உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. மெட்ஃபார்மினும் ஒமெப்ரசோலும் இரண்டுமே பி12 உறிஞ்சப்படுவதைக் குறைப்பவை. பாதம் மரப்பு, மறதி, பிடிப்பின்மை மூன்றும் சேர்ந்தால் முதலில் பி12 பாருங்கள். 200 பி.கி./மி.லி.-க்குக் கீழே என்றால் குறைவு. 200-லிருந்து 300 என்றால் சந்தேகம், பி12 குறைந்தால் ஏறும் மெத்தில்மலோனிக் அமிலமும் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை ஃபோலிக் ஆசிட் வேண்டாம். பி12 இல்லாத உடம்பில் அதிக ஃபோலிக் ஆசிட் போனால் ரத்தசோகை சரியானது போல் தெரியும், உள்ளே நரம்பு கெட்டுக்கொண்டே இருக்கும். உங்கள் பாதம் மரப்பு சர்க்கரையாலும் இருக்கலாம், அதையும் சேர்த்தே கேளுங்கள்.

ஃபோலேட் (ஃபோலிக் ஆசிட் இந்தச் சத்தின் ஒரு வடிவம்) மனச்சோர்வுக்கு உதவுமா என்பதில் முடிவுகள் இரண்டு பக்கமும் உண்டு. 2000-ல் ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்தோடு ஃபோலிக் ஆசிட் அரை மி.கி. சேர்த்தபோது பெண்களுக்குப் பலன் தெரிந்தது. பின்னால் வேல்ஸில் 5 மி.கி. கொடுத்துச் செய்த பெரிய ஆய்வில் ஒன்றும் தெரியவில்லை. எல்-மெத்தில்ஃபோலேட் என்ற வடிவம் 15 மி.கி. அளவில் மருந்தோடு சேர்த்தபோது சிலருக்கு உதவியது, அதில் பாதி அளவு உதவவில்லை.

ஜிங்க், மக்னீசியம் இரண்டும் எடுக்கிறேன். சரிதானே?

எவ்வளவு? அதுதான் கேள்வியே. ஜிங்க் 25 மி.கி. வரை மருந்தோடு சேர்த்துக் கொஞ்சம் பலன் காட்டியிருக்கிறது. 40-ஐத் தாண்டி மாதக்கணக்கில் போனால் உடலில் தாமிரம் குறைந்து, ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். மல்டிவைட்டமினில் ஒரு ஜிங்க், ‘எதிர்ப்புசக்தி’ மாத்திரையில் ஒரு ஜிங்க், முடிக்கு எடுப்பதில் இன்னொரு ஜிங்க் என்று எடுப்பவர்கள் அதிகம். எல்லாப் பாட்டிலையும் திருப்பி வைத்துக் கூட்டிப் பாருங்கள்.

மக்னீசியத்துக்கு 2017-ல் 126 பேரிடம் ஆறு வாரத்தில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அதில் வெற்று மாத்திரை ஒப்பீடு இல்லை, எல்லோருக்கும் தாங்கள் எடுப்பது என்ன என்று தெரியும். வயிறு இளகும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தொடவே கூடாது.

5-எச்.டி.பி. செரட்டோனினைக் கூட்டுமாமே? எஸ்சிட்டலோபிராமோடு எடுக்கலாமா?

கூட்டும், அதனால்தான் வேண்டாம் என்கிறேன். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் பதிலைப் படிக்கவும். அதன் உறவுக்காரனான எல்-டிரிப்டோஃபான் மாத்திரையால் 1989-ல் அமெரிக்காவில் 1,500 பேருக்கு மேல் தசைவலி நோய் வந்து, முப்பது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். ஒரே தயாரிப்பாளரின் சரக்கில் இருந்த கலப்படத்தோடு அது பெரும்பாலும் தொடர்புபடுத்தப்பட்டது.

அமுக்கரா, குங்குமப்பூ, மஞ்சள். மூன்றில் எது நல்லது?

அமுக்கராவுக்கு ஆதாரம் இருப்பது பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும், மனச்சோர்வுக்கு அவ்வளவாக இல்லை. தைராய்டு ஹார்மோனை ஏற்றும், சிலருக்குக் கல்லீரலைப் பாதித்திருக்கிறது, கர்ப்பிணிகளுக்கு ஆகாது. குங்குமப்பூச் சாறு தினம் 30 மி.கி. அளவில் நல்ல அறிகுறி காட்டுகிறது, ஆனால் ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் ஈரானில் நடந்தவை. மஞ்சளின் குர்குமின் உடலில் ஏறாது என்று மிளகுச் சத்தைச் சேர்த்து விற்கிறார்கள். அது குர்குமினை மட்டும் ஏற்றுவதில்லை, மற்ற சில மருந்துகளையும் ஏற்றும். கண் மஞ்சளானாலோ சிறுநீர் கறுத்தாலோ மூன்றில் எதுவானாலும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

மனச்சோர்வுக்கு மருந்து தொடங்கும் முன் தைராய்டு பார்த்தார்கள். அதிகமாக இருக்கிறது என்று மாத்திரை எழுதிவிட்டார்கள். எனக்கு அப்படி ஒரு அறிகுறியும் இல்லை. முடி கொட்டுவதற்கு பயோட்டின் 10 மி.கி. எடுக்கிறேன், அவ்வளவுதான்.

அதுதான் காரணமாக இருக்கலாம். அதிக பயோட்டின் பல ஆய்வகங்களின் பரிசோதனை முறையையே ஏமாற்றிவிடும். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பொய்யாகக் குறைந்தும் டி4 (தைராய்டு ஹார்மோன்) பொய்யாக ஏறியும் காட்டும், தைராய்டு என்னவோ நன்றாகத்தான் இருக்கும். அந்த மாத்திரையை இன்னும் தொடங்காவிட்டால் தொடங்கும் முன் எழுதிக் கொடுத்த டாக்டரை ஃபோனில் கூப்பிட்டு பயோட்டின் விஷயத்தைச் சொல்லுங்கள். தொடங்கிவிட்டாலும் சொல்லுங்கள். மூன்று நாள் பயோட்டினை விட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுங்கள். போகும்போது அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப் போங்கள்.