மாமா போடும் கையெழுத்து

கேள்வி: நான் உணவியல் பட்டப்படிப்பின் இறுதியாண்டில் இருக்கிறேன். வார்டு பயிற்சிக்கான மருத்துவமனையைப் பல்கலைக்கழகமே ஒதுக்கிவிட்டது. மருத்துவமனைச் சமையலறையில் செய்ய வேண்டிய உணவுச் சேவைப் பயிற்சிக்கு மட்டும் இடத்தை நாங்களே தேடிக்கொள்ளலாம். விண்ணப்பக் கடிதத்தை யாருக்கு, எப்படி எழுதுவது? ஒரு தனியார் மருத்துவமனைச் சமையலறையில் மேலாளராக இருக்கும் மாமாவும் என்னைச் சேர்த்துக்கொள்ளத் தயார். அண்ணன்கள் இருவரும் வேலைக்குப் போவதால் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள எங்கள் வாழையிலை உணவகத்தில் அம்மாவுக்கு நான்தான் உதவ வேண்டும். ஆகவே மூன்று நாள் வந்தால் போதும், மீதி இரண்டு நாளுக்கும் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்கிறார் மாமா. கடையில் வளர்ந்த எனக்குச் சமையலறை புதிதும் அல்ல.
– வாசகி, கோலாலம்பூர்

பதில்: கடிதம் எழுதுவது பெரிய வித்தை அல்ல, அதைப் பிறகு சொல்கிறேன். நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்ட அந்த இரண்டு நாட்களிலேயே என் கண் நின்றுவிட்டது. இதே ஏற்பாட்டை வேறு வேறு படிப்புகளின் பெயரில் எனக்கு எழுதியவர்கள் பலர். ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்கிறார், எல்லாரும் அதை உதவி என்றே எழுதுகிறார்கள். ஐந்து நாளில் இரண்டு நாள் என்றால், நீங்கள் ஒப்படைக்கப் போகும் மணிநேரக் கணக்கில் நாற்பது விழுக்காடு பொய்.

சமையலறை புதிதல்ல என்கிறீர்கள். கீரை வேகவைத்த நீரில்தான் சத்து இருக்கிறது, கொட்டாதே என்று உங்கள் அம்மா சொல்லியிருப்பார். இரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிட்ட சிறுநீரக நோயாளிக்குச் சமைக்கும்போதோ, அந்த நீரைக் கொட்டத்தான் வேண்டும். பக்கவாதத்தால் விழுங்கும் திறன் குறைந்தவருக்கு மசித்த உணவுக்குப் பதிலாகக் கட்டியான உணவு போய்விட்டால் அது மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலைப் பாதிக்கும். இதற்காகவே பானங்களையும் உணவுகளையும் 0 முதல் 7 வரை தரம் பிரித்து உலகளவில் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். உணவு நேரத்து இன்சுலின் போட்ட பிறகு தட்டு தாமதமாக வந்தால் சர்க்கரை சரிந்து நோயாளி மயங்கிவிடுவார். உங்கள் கடையில் உப்பு கூடினால் வாடிக்கையாளர் எழுந்து வந்து கேட்பார். வார்டில் படுத்திருப்பவர் எதைக் கொடுத்தாலும் உங்களை நம்பிச் சாப்பிடுவார். நீங்கள் வராத ஒரு நாளில்தான் தவறான தட்டு ஒன்றை மூத்த உணவியல் நிபுணர் வரிசையிலிருந்து திருப்பி எடுத்திருப்பார்; மேற்பார்வை என்பது அதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது.

2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்படி பதிவு பெற்ற பிறகே நீங்கள் இத்தொழிலைச் செய்ய முடியும். அந்தப் பதிவுக்கு அடிப்படையான பட்டத்தில் உங்கள் பயிற்சியும் அடக்கம்.

உங்கள் மாமாவின் மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். தங்கை மகளைத் தொழிலில் நேராக நிறுத்த வேண்டிய பெரியவர், முதல் படியிலேயே பொய்க்குத் துணை நிற்பதைத் தாய்மாமன் கடமை என்று நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அம்மாவுக்கு உதவ நினைப்பது நல்ல குணம், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் சம்பளத்தோடு ஆண்டு விடுப்பும் பெறும் இரண்டு ஆண்பிள்ளைகள் உள்ள வீட்டில், இலை போட வேறு ஆளே இல்லை என்பதை நான் நம்பவில்லை. சில வாரங்களுக்கு அவர்கள் முறை வைத்துக் கடைக்கு வரட்டும். அதுவும் முடியாவிட்டால், பயிற்சியை மூன்று நாளாகப் பிரித்துக் கூடுதல் வாரங்களில் முடிக்கலாமா என்று பல்கலைக்கழகப் பயிற்சி ஒருங்கிணைப்பாளரிடம் வெளிப்படையாகக் கேளுங்கள். படிப்பு சற்றுத் தள்ளிப்போனாலும் போகட்டும்.

இனிக் கடிதம். மருத்துவமனையின் உணவியல் பிரிவுத் தலைவருக்கு, ஒருங்கிணைப்பாளர் வழியாக எழுதுங்கள். தேதிகள், மொத்த மணிநேரம், கற்க வேண்டிய பகுதிகள் ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட்டு, எந்த உணவியல் நிபுணர் உங்களை மேற்பார்வையிடுவார் என்று கேளுங்கள். பல்கலைக்கழகக் கடிதத்தோடு, டைஃபாய்டு தடுப்பூசிச் சான்றையும் உணவு கையாளுவோர் பயிற்சிச் சான்றையும் இணையுங்கள். கடைக்காக இவற்றை ஏற்கெனவே எடுத்திருப்பீர்கள். மாமா வேலை செய்யும் இடத்தைத் தவிர்த்து வேறு மருத்துவமனைக்கே எழுதுங்கள்.

அனுப்புவதற்கு முன் மாமா வீட்டுக்கு நேரில் போய், அந்தக் கையெழுத்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அம்மாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.