மரியோ மெட்டு நம் ஊரில் ஏன் மெதுவாக ஒலித்தது? – கேம் இசை கேள்வி பதில்

தொண்ணூறுகளில் டிவியில் செருகி ஆடிய கேசட் கேமில் கேட்ட மரியோ மெட்டும் இப்போது கேட்கும் ஒரிஜினலும் ஒன்றுபோல இல்லை. நினைவு தப்புகிறதா? – ஈரோடு வாசகர்

இல்லை, சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறீர்கள். அப்போது நம் கடைகளில் விற்ற பெட்டிகளில் பெரும்பாலானவை, ஜப்பானில் 1983-ல் வந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். நம் டிவி பால் முறை, விநாடிக்கு 50 படம். ஜப்பானில் 60. அந்தக் கால கேம்களில் இசைக்கென்று தனிக் கடிகாரம் கிடையாது. திரையில் ஒரு படம் முடிந்தால்தான் இசை ஓர் அடி நகரும். ஆகவே அங்கே 60 விநாடியில் முடியும் மெட்டு இங்கே 72 விநாடி இழுக்கும்.

வேகம் குறைந்தால் சுருதியும் இறங்கியிருக்க வேண்டுமே என்று கேட்கலாம். இறங்கவில்லை. பல நகல் பெட்டிகளின் சிப் 1.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது, ஒரிஜினல் 1.79. வித்தியாசம் அரைச் சுரத்தில் ஆறில் ஒரு பங்குதான். காதுக்குப் பிடிபடாது.

இன்னொரு காரணமும் உண்டு. மெட்டை வாசிக்கும் சதுர அலைக்கு 12.5, 25, 50, 75 சதவீதம் என நான்கு அகலங்கள். 50 என்றால் உள்ளே வெற்றிடம் இருக்கிற குழல் மாதிரி ஒலிக்கும்; 25 என்றால் கூர்மையாக, சற்று மூக்கடைத்த மாதிரி. சில நகல் சிப்களில் இந்த 25-ம் 50-ம் இடம் மாறியிருந்தன. குழல் வர வேண்டிய இடத்தில் கூர்மை வந்தது, கூர்மை வர வேண்டிய இடத்தில் குழல். மெசன் எமுலேட்டரில் (பழைய கேம் பெட்டியைக் கணினியில் ஓட்டிக் காட்டும் மென்பொருள்) ரீஜனை 'டெண்டி' (ரஷ்யாவில் விற்ற நகல் பெட்டி) என்று மாற்றி, ஒலி அமைப்பில் டியூட்டி சைக்கிளை, அதாவது அந்த அகலங்களை, இடம் மாற்றும் விருப்பத்தையும் 'ஆன்' செய்து பாருங்கள். அந்தப் பழைய ஓசை அப்படியே திரும்பி வரும்.

அதே மரியோவில் குதித்தாலோ காசு எடுத்தாலோ பாட்டில் ஏதோ ஒரு பகுதி அறுந்துபோகிறதே? – மதுரை வாசகர்

அந்தச் சிப்பில் மொத்தம் ஐந்தே குரல்கள்: இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, ஓர் இரைச்சல், சிறிய ஒலித்துண்டு வாசிக்க ஒன்று. குதிக்கும் ஓசை ஒரு சதுர அலையைப் பறித்துக்கொள்ளும். காசு ஓசை மற்றொன்றை. ஓசை முடிந்ததும் குரல் பாட்டுக்குத் திரும்பும். முக்கோண அலைக்கு ஒலி அளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை, ஒலிக்கும் அல்லது நிற்கும். அதனால் அதைப் பெரும்பாலும் பேஸுக்கு ஒதுக்கினார்கள். 1985-ல் கோஜி கோண்டோ இதற்குள்தான் அந்த மெட்டை அமைத்தார். ஒரு குரல் எப்போது பறிபோகும் என்று தெரியாமலே, பறிபோனாலும் பாட்டு குலையாத மாதிரி எழுத வேண்டியிருந்தது. கேம் இசையின் அடிப்படைச் சவாலே இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

சூப்பர் நின்டெண்டோ இசையா, சேகா மெகா டிரைவ் இசையா? எது உசத்தி? – கோவை வாசகர்

இரண்டும் ஃபேமிகாமுக்கு அடுத்த தலைமுறை கேம் பெட்டிகள். தாளமும் பேஸும் முன்னே நிற்க வேண்டுமென்றால் மெகா டிரைவ். அதில் யமஹா ஒய்எம்2612 என்ற எஃப்எம் (ஓர் அலையால் இன்னோர் அலையை அசைத்து ஒலி உண்டாக்கும் முறை) சிப் ஆறு குரல் தரும். ஆறாவதை டிரம் ஒலித்துண்டுக்கு மாற்றிக்கொள்ளலாம். கூடவே மூன்று சதுர அலையும் ஓர் இரைச்சலும். 'ஸ்ட்ரீட்ஸ் ஆஃப் ரேஜ் 2' (1992) கேமில் யூசோ கோஷிரோ அமைத்த பேஸ் வரிகளைச் சிறிய ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்யாதீர்கள், ஹெட்போனில் கேளுங்கள்.

இடத்தின் சூழலைக் காதில் கட்ட வேண்டுமென்றால் சூப்பர் நின்டெண்டோ. சோனி செய்த ஒலிச் சிப், எட்டு குரல், மொத்த நினைவகம் 64 கிலோபைட். வாத்தியங்கள், சுரக் குறிப்பு, எதிரொலி எல்லாம் அதற்குள்ளேயே அடங்க வேண்டும். எதிரொலி ஒவ்வொரு 16 மில்லிவிநாடிக்கும் 2 கிலோபைட் கேட்கும். குகைக்கு 240 மில்லிவிநாடி எதிரொலி வைத்தால் 30 கிலோபைட் போய்விடும். வாத்தியங்களுக்கு இருந்த இடத்தில் பாதி காலி. குகைக் காட்சியில் வாத்தியம் குறைவாகக் கேட்டால் இந்தக் கணக்கையும் நினைத்துப் பாருங்கள்.

சொந்தமாகச் சின்ன கேம் செய்கிறேன். பின்னணி இசை திரும்பத் தொடங்கும் இடத்தில் 'டிக்' என்று கேட்கிறது, சில சமயம் சிறு இடைவெளி விழுகிறது. என்ன செய்வது? – நாகர்கோவில் வாசகர்

இரண்டும் வேறு வேறு கோளாறு.

இடைவெளிக்குக் காரணம் பெரும்பாலும் எம்பி3. அந்த முறையில் ஒலியை 1152 சாம்பிள் (ஒலி அலையின் ஒரு நொடித்துளி அளவீடு) கொண்ட கட்டங்களாகத்தான் அடைக்க முடியும். கடைசிக் கட்டம் நிறையாவிட்டால் மௌனத்தால் நிரப்பும். தொடக்கத்திலும் சேரும்: எம்பி3 ஆக்கும் லேம் என்கோடரில் 576, அதை வாசிக்கும் டிகோடரில் 529, ஆக 1105 சாம்பிள், அதாவது 25 மில்லிவிநாடி. ஒரே சீரான தாளத்தில் இந்தத் தடுக்கல் பளிச்சென்று தெரியும். வேவ் கோப்பிலிருந்து நேராக ஓஜிஜி வோர்பிஸ் என்ற ஒலிக்கோப்பு வகையாக ஆக்குங்கள். எம்பி3-ஐ ஓஜிஜி ஆக்கினால் பழைய மௌனமும் கூடவே வரும்.

'டிக்' ஓசை, முடிவிலும் தொடக்கத்திலும் அலை ஒரே உயரத்தில் இல்லாததால் வருவது. கண் மதிப்பில் வெட்டாமல் கணக்குப் போட்டு வெட்டுங்கள். 44,100 சாம்பிள் வீதத்தில், நிமிடத்துக்கு 120 அடி என்றால் ஓர் அடி 22,050 சாம்பிள். நான்கு அடிக்கு ஒரு பார், 88,200. பதினாறு பார் 14,11,200 சாம்பிள், சரியாக 32 விநாடி. 110 அடி போன்ற வேகத்தில் ஓர் அடிக்குச் சாம்பிள் முழு எண்ணாக வராது. அப்போது மொத்த நீளத்தைக் கணக்கிட்டு அருகிலுள்ள முழு எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம். நீளம் சரியான பிறகும் 'டிக்' கேட்டால், ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்த மென்பொருளில் தேர்வு செய்து இசட் விசையை அழுத்துங்கள், வெட்டு பூஜ்ஜியக் கோட்டுக்கு நகரும்.

பலர் கோட்டை விடுவது ரிவர்ப் (அறைக்குள் ஒலி முழங்கி அடங்குவது) விஷயத்தில். கடைசிச் சுரத்தின் ரிவர்ப் வால் 32-வது விநாடிக்குப் பிறகும் நீளும். அதை வெட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் அறை திடீரென்று காலியானது போலிருக்கும். பாட்டை அடுத்தடுத்து இருமுறை வைத்து, 64 விநாடியாக ஏற்றுமதி செய்து, இரண்டாவது 32 விநாடியை மட்டும் வெட்டியெடுங்கள். முதல் சுற்றின் வால் இரண்டாம் சுற்றின் தலையில் ஏற்கெனவே கலந்திருக்கும்.

தொடக்கத்தில் ஒரு முறை மட்டும் வரும் முன்னிசை வேண்டுமா? கேம் செய்யும் மென்பொருளுக்கேற்ப வழி மாறும். ஆர்பிஜி மேக்கரில் ஓஜிஜி கோப்பின் குறிப்பில் 'லூப்ஸ்டார்ட்', 'லூப்லெங்த்' என்ற இரண்டையும் ஆங்கிலத்தில், சாம்பிள் எண்ணிக்கையாக எழுதுங்கள். கோடோவில் லூப் தொடங்கும் இடத்தை விநாடியில் கொடுக்க வேண்டும். யூனிட்டியில் இரண்டு ஆடியோ சோர்ஸ் வைத்து, 'பிளே ஷெட்யூல்ட்' மூலம் இரண்டாவதை நேரம் குறித்துத் தொடங்குங்கள். அப்டேட்டுக்குள் நேரம் பார்த்துத் தொடங்கினால் தடுக்கும்.

புளூடூத் இயர்போனில் ரிதம் கேம் ஆடினால் எப்போதும் 'மிஸ்'. பழக்கம் போதவில்லையா? – சேலம் வாசகர்

உங்கள் கையில் குறையில்லை. சாதாரண புளூடூத்தில் 150 முதல் 250 மில்லிவிநாடி தாமதம் சகஜம். 200 என்றே வைத்தாலும் விநாடிக்கு 60 படம் ஓடும் கேமில் அது 12 படம். கேமிலுள்ள ஆஃப்செட் அளவீடு பாட்டுக்கான தாமதத்தைச் சரிசெய்யும்; நீங்கள் தட்டும்போது எழும் ஓசையின் தாமதத்தை அதனால் சரிசெய்ய முடியாது. துப்பாக்கி கேமில் காலடி ஓசைக்கும் இதே கதிதான். வயர் இயர்போன் வாங்குங்கள். டிவியில் ஆடினால் 'கேம் மோட்' போட்ட பிறகே ஆஃப்செட் அளந்து பாருங்கள், முன்பே அளந்தால் மறுபடியும் அளக்க வேண்டியிருக்கும்.

இன்றைய பெரிய கேம்களின் இசை பிரமாண்டம்தான், ஆனால் அணைத்ததும் ஒரு மெட்டும் நினைவில் இல்லையே? – தஞ்சாவூர் வாசகர்

அடுக்கடுக்காகப் பிரித்து எழுதுவதன் விலை அது. எதிரி வந்தால் டிரம் சேர வேண்டும், போனால் விலக வேண்டும். எந்த நொடியிலும் சேர்க்கவும் பிரிக்கவும் வசதியாக இருக்க, மெட்டைத் தணித்துவிடுகிறார்கள். 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன்' (2010) கேமில் துண்டுகள் எதனோடும் பொருந்த வேண்டுமென்று நிமிடத்துக்கு 130 அடி வேகம், ஏ மைனர் என்ற சுர வரிசை என்று பொதுவாக வைத்துக்கொண்டார்கள். வேலைக்கு ஆகும், அந்தப் பாலைவனத்துக்கும் பொருந்தும். ஆனால் எல்லோரும் அதையே செய்தால் எல்லாம் ஒரே புகைமூட்டமாகிவிடும்.

அடுக்கும் மெட்டும் சேர்ந்து வாழ முடியாதா? முடியும். 'சூப்பர் மரியோ வேர்ல்ட்' (1990) கேமில் யோஷி மேல் ஏறினால் பாட்டோடு பாங்கோ தாளம் சேரும், இறங்கினால் நிற்கும். மெட்டில் ஒரு சுரம்கூட மாறாது. 'நியர்: ஆட்டோமேட்டா' (2017) இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஒரே பாட்டுக்கு அமைதி, நடுத்தரம், வேகம் என்று வடிவங்கள், மேலே குரல், ஹேக் செய்யும்போது பழைய 8-பிட் வடிவம். எந்த வடிவத்திலும் முணுமுணுக்க மெட்டு இருக்கிறது. முதலில் மெட்டு, பிறகு அடுக்கு. இந்த வரிசை மாறும்போதுதான் நீங்கள் சொல்லும் மறதி வருகிறது.

தமிழ்ப் பாட்டு உள்ள கேம் ஏதாவது? – யாழ்ப்பாணம் வாசகி

டொரோண்டோவின் விசை கேம்ஸ் 2023-ல் வெளியிட்ட 'வெண்பா'. எண்பதுகளில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பத்தின் கதை, சமையல் புதிர்களோடு. அடுத்த ஆண்டு பிரிட்டனின் பாஃப்டா விருது விழாவில் சிறந்த அறிமுக கேம் விருது பெற்றது. சமையலறை வானொலியில் ஒலிக்கும் பாட்டுகள் கதையின் காலத்துக்கேற்பத் தமிழ்த் திரையிசையின் பாணியை மாற்றிக்கொண்டே போகின்றன. சில மணி நேரத்தில் முடிந்துவிடும் கேம்தான். இட்லித் தட்டைச் சரியாக அடுக்கிவிட்டாலும் அடுத்த கட்டத்துக்கு ஓடாதீர்கள், பாட்டு முடியட்டும்.