பக்கத்து வீட்டு நம்பர் இருக்கிறதா?

கேள்வி: அப்பா மத்திய அரசு வேலையில் ஓய்வு பெற்றதும் சென்னை வீட்டை விற்றுவிட்டு, கன்னியாகுமரி மாவட்டத்தில் திருவட்டாறு பக்கம் தாத்தாவின் விளையில் (தோட்டத்தில்) சின்னதாக ஒரு வீடு கட்டி அம்மாவோடு போய்விட்டார். வருடத்துக்கு இரண்டு தடவை போகிறோம். முதல் நாள் சந்தோஷம், இரண்டாம் நாள் சண்டை. வீடு பூராவும் பழைய சாமான், குளியலறை வழுக்குகிறது, எதைச் சொன்னாலும் அம்மா முகம் வாடிவிடுகிறது. ஒன்பது வயது மகனுக்கு அங்கே பொழுது போகவில்லை. திரும்பி வந்துவிடுங்கள் என்று கேட்பது தப்பா? - வாசகி, தாம்பரம்

பதில்: கேட்பது தப்பில்லை. போகும்போதெல்லாம் கேட்பதுதான் தப்பு.

நானும் அதைச் செய்தவள். எங்கள் அப்பா அம்மா குலசேகரம் பக்கம் குடியேறினபோது, போய் இறங்கினதும் ஃபிரிட்ஜைத் திறந்து பழசை எல்லாம் அள்ளிக் கொட்டுவேன், மாத்திரை டப்பாவை எண்ணுவேன், பரண்மேல் இருக்கிற உருளியை பழைய சாமான் வாங்கும் ஆக்கர் கடைக்குப் போடச் சொல்வேன். அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், அடுப்படியில் பாத்திரச் சத்தம் மட்டும் கூடும். அது அவள் வீடு என்பது எனக்கு உறைக்கவே பல வருடம் ஆயிற்று. அதனால் சாமானை விட்டுவிடுங்கள். ஆனால் குளியலறையை விடாதீர்கள், வழுக்கலுக்கு வாய்ப்பேச்சு உதவாது. யாரிடமும் வாதாடாமல் ஒரு ஆளைக் கூப்பிட்டு, சுவரில் பிடித்து நிற்க ஒரு கம்பியும் தரைக்குச் சொரசொரப்பான ஓடும் போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அப்புறம் நேரம். அங்கே பொழுது ஐந்து மணிக்கு முன்னாலேயே தொடங்கிவிடும். அந்தப் பக்கம் ரப்பர் மரத்தை இருட்டோடு வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். நீங்கள் எட்டரைக்கு எழுந்து காபி கேட்கும்போது அவர்களுக்குப் பாதி நாள் முடிந்திருக்கும், மதியம் நீங்கள் ஊர் சுற்றக் கிளம்பும்போது அவர்களுக்குக் கண் சொக்கும், சண்டையில் பாதி இதில்தான் வருகிறது. ஒரே ஒரு நாள் மகனையும் எழுப்பிக்கொண்டு அப்பாவோடு போங்கள். உங்கள் விளையில் ரப்பர் இல்லாவிட்டால் பக்கத்தில் இருக்கும். வெட்டுகிறவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கத்தியைச் சாய்த்து இழுப்பார், பட்டை சுருள்சுருளாக விழும், அந்தக் கீறலில் வெள்ளையாகப் பொட்டுப்பொட்டாகக் கிளம்பி, ஒன்றாகச் சேர்ந்து வழிந்து சிரட்டையில் சொட்டும். பையன் அந்த மரத்தை விட்டு நகர மாட்டான். மழை நாளில் வெட்டு நடக்காமல் போகலாம், பிப்ரவரி மார்ச்சில் இலை உதிரும்போது நிறுத்திவிடுவார்கள், அதைக் கேட்டுக்கொண்டு போங்கள். சாயங்காலம் தாத்தாவோடு மாத்தூர் தொட்டிப்பாலம் ஏறட்டும். 115 அடி உயரத்தில், பறளியாற்றுக்கு மேலே சானல் (கால்வாய்) தண்ணீர் ஒரு தொட்டிக்குள் ஓடிக்கொண்டிருக்கும், 1966-இல் கட்டினது. அதைப் பற்றி உங்கள் அப்பாவே சொல்லட்டும், நீங்கள் போனில் தேடிப் படித்துக் காட்டாதீர்கள்.

இனி நான் உங்களிடம் கேட்க வேண்டியது. பக்கத்து வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கிறதா?

2017 நவம்பர் 30, ஒக்கிப் புயல். நான் சென்னையில். அப்பா போனும் போகவில்லை, அம்மா போனும் போகவில்லை. வருடக்கணக்காகப் போய்வந்த ஊரில் வேறு ஒருவர் நம்பர் என்னிடம் கிடையாது. மூன்று நாள் அழுதுகொண்டே டிவி பார்த்தேன். நான்காம் நாள் போய்ச் சேர்ந்தேன், ரோட்டில் மரம் விழுந்து கிடந்ததால் கடைசி இரண்டு கிலோமீட்டர் நடை. அம்மா முற்றத்தில் கல்லைக் கூட்டி மரச்சீனி என்கிற மரவள்ளிக் கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள், கரண்ட் இல்லாத அஞ்சு வீட்டுக்கும் சேர்த்து. "மக்களே, நடந்தா வந்தே?" என்றாள். காற்றில் போன கூரை ஓடுகளை மாற்றிப் போட்டது ரப்பர் பால் வெட்ட வருகிறவர். அவர் பெயரே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அதனால் இந்தத் தடவை அப்பாவோடு சாயாக்கடை வரை நடந்து, பக்கத்து வீடு, ஆட்டோக்காரர், வெட்டுக்கு வருகிறவர், இந்த மூன்று நம்பரையாவது வாங்கி வாருங்கள், அவர்களிடம் உங்கள் நம்பரையும் கொடுத்துவிட்டு வாருங்கள்.

இரண்டு தடவையில் ஒன்றை நவம்பரில் வைத்துக்கொள்ளலாம், மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிர்வாழ் சான்று கொடுக்கிற மாதம். தபால்காரர் வீட்டுக்கே வந்து கைரேகை வாங்குவார். தேய்ந்த விரலில் ரேகை விழாவிட்டால் போனில் முகத்தைக் காட்டியும் கொடுக்கலாம், அதற்கு நீங்கள் பக்கத்தில் இருந்தால் நல்லது. ரயில் டிக்கெட் இப்போது 60 நாள் முன்னால்தான் திறக்கிறது, குழித்துறையில் இறங்கினால் திருவட்டாறு பக்கம். பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கு வருகிற மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இருவர் பெயரும் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

திரும்பி வருவதைப் பற்றி ஒரு தடவை, இருவரையும் உட்காரவைத்து, நிதானமாகப் பேசுங்கள். இப்போதைக்கு வா என்று கூப்பிடாமல், ஒருவர் மட்டும் மிஞ்சினால் என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கேட்கவே மனசு நடுங்கும். ஆனாலும் கேளுங்கள், சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் என் மகளின் கணவர் அந்த நாட்டுக்காரர். அவருடைய அப்பா அம்மா ஓய்வுக்குப் பிறகு ஸ்பெயினில் அந்தலூசியா பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார்கள். மகள் ஆகஸ்டில் முதல் தடவை அங்கே போகிறாள். என்ன சொல்லி அனுப்ப? - வாசகி, மார்த்தாண்டம்

பதில்: முடிந்தால் மாதத்தை மாற்றச் சொல்லுங்கள். அங்கே உள்நாட்டுப் பக்கம் ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், நம் குமரிக் காற்றில் வளர்ந்த பிள்ளைக்கு ஏப்ரலோ அக்டோபரோ சுகம். மதியச் சாப்பாடே இரண்டு மணிக்கு மேல்தான், அப்புறம் கடையெல்லாம் அடைத்துவிடுவார்கள், ராச்சாப்பாட்டுக்கு ஒன்பது ஆகிவிடும், பசி தாங்காதவள் என்றால் பையில் ஏதாவது வைத்துக்கொள்ளட்டும். இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும், குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். வீட்டில் தங்குவதற்கு அங்குள்ள போலீஸ் மூலம் வாங்கிய அழைப்புக் கடிதம் கேட்கலாம், அதை மாமனாரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள், நாளாகும். கொண்டுபோக நேந்திரங்காய் சிப்ஸும் நம் ஊர் கிராம்பும் போதும். போன இடத்தில் ஒரு நாள் அவள் கையால் சமைக்கட்டும், பாத்திரத்தையும் அவளே கழுவட்டும்.

கேள்வி: ஷார்ஜாவில் இருக்கிறேன். இருபது நாள் லீவில் கருங்கல் வந்தால் கல்யாணம், பால்காய்ப்பு (புதுவீடு புகுதல்), சொந்தக்காரர் வீடு என்று போய்விடுகிறது. அம்மாவை ராத்திரிதான் பார்க்கிறேன். - வாசகர்

பதில்: தம்பி, அம்மாவையும் பைக்கில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களுக்கும் அந்தச் சொந்தக்காரர்களைப் பார்த்து நாளாகியிருக்கும். கடைசி நான்கு நாளுக்கு யாரிடமும் வருகிறேன் என்று சொல்லாதீர்கள்.