‘அது வேறு விஷயம்’

கேள்வி: எனக்கு 31 வயது. துபாயில் ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வந்து 14 மாதம் ஆகிறது. சம்பளம் 5,500 திர்ஹாம், அதில் பேசிக் 3,000. பெட் ஸ்பேஸ் (பலர் தங்கும் அறையில் ஒரு கட்டில்) வாடகை 900, மெஸ் 700, பஸ், மெட்ரோவுக்கு நோல் கார்டு பாஸ் 350, போன், சலவை, மற்றதெல்லாம் சேர்த்து 350. ஊரில் அப்பா, அம்மா, மனைவி, மூன்று வயது மகன். மாதம் 4,000 அனுப்புகிறேன். துண்டு விழுவதை கிரெடிட் கார்டில் சமாளித்து இப்போது பாக்கி 9,000 நிற்கிறது. காலை டிபனை நிறுத்திவிட்டேன். (மாமனார் வீட்டில் மரியாதையாக இருக்கட்டும் என்று எல்லோரிடமும் சம்பளம் 8,000 என்று சொல்லிவைத்திருக்கிறேன். மனைவிக்கும் அதே கணக்குதான். அது வேறு விஷயம்.) ஷார்ஜாவுக்கு மாறினால் வாடகை மிச்சமாகுமா? எந்த நாளில் பணம் அனுப்பினால் ரேட் நன்றாகக் கிடைக்கும்? ஆவணியில் மாடி எடுக்க வேண்டும் என்று வேறு வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.
– பெயர் வேண்டாம், துபாய்

பதில்: தம்பி, ஷார்ஜா அப்புறம். அடைப்புக்குறிக்குள் நாலு வரி எழுதி, ‘அது வேறு விஷயம்’ என்று மூடி வைத்திருக்கிறீர்களே, அதைத் திறங்கள் முதலில். உங்கள் கடிதத்தில் விஷயம் என்று இருப்பதே அது ஒன்றுதான். மற்றதெல்லாம் அதன் வால்.

நீங்கள் கணக்கு எழுதுகிற ஆள். கம்பெனிக் கணக்கில் பத்து திர்ஹாம் இடித்தால் ராத்திரி உட்கார்ந்து தேடுவீர்கள். சொந்தக் கணக்கில் மாதம் 2,500 திர்ஹாம் இடிக்கிறது, அதை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டீர்கள். 8,000-க்கும் 5,500-க்கும் நடுவில் இருக்கிற அந்தப் பணம் எந்த வங்கியிலும் இல்லை. ஆனால் ஊரில் அது செலவாகிக்கொண்டிருக்கிறது. மாடி எடுக்கப் போவது அதை வைத்துத்தான். எட்டாயிரம் வாங்குகிறவன் நாலாயிரம் அனுப்பினால், மீதி நாலாயிரம் அவனிடம் சேர்ந்துகொண்டிருக்கிறது என்றுதானே வீட்டில் நினைப்பார்கள்? அவர்கள் பேராசைக்காரர்கள் இல்லை. நீங்கள் கொடுத்த கணக்கை நம்பிக் கூட்டிப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் கொடுத்த உண்மைக் கணக்கை நானும் கூட்டினேன். உங்கள் செலவு 2,300. மிஞ்சுவது 3,200. அனுப்புவது 4,000. மாதம் 800 கடன் வாங்கித்தான் பெரிய மனிதராக இருக்கிறீர்கள். கார்டு பாக்கிக்கு மாதம் மூன்று சதவீதம் என்றே வையுங்கள் (அதற்கு மேல் போடுகிற கார்டுகளும் உண்டு), 9,000-க்கு வட்டி மட்டும் 270. டிபனை நிறுத்தி என்ன மிச்சம் பிடித்திருப்பீர்கள், 150? வெறும் வயிற்றோடு பஸ் ஏறி, அந்தக் காசையும் வங்கிக்குக் கொடுத்துவிட்டு, மேலே 120 கொடுக்கிறீர்கள்.

பேசிக் 3,000 என்று நான் கேட்காமலே ஏன் எழுதினீர்கள் என்றும் புரிகிறது. வேலையை விடும்போது கிராஜுவிட்டி வரும், அதில் எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்று ஒரு மூலையில் நினைப்பு ஓடுகிறது. அங்கே முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் சம்பளம். உங்களுக்கு வருடம் 2,100 திர்ஹாம். இந்த வட்டி வருடத்துக்கு 3,240. நம்பிக்கொண்டிருங்கள்.

கேட்ட கேள்விகளுக்கும் சொல்லிவிடுகிறேன். ஷார்ஜாவில் வாடகை குறையும். ஆனால் எமிரேட் தாண்டுகிற பஸ்ஸுக்குத் தனிக் காசு, காலையிலும் மாலையிலும் இத்திஹாத் ரோட்டில் நிற்கிற நேரம் தனி. மிச்சம் பெரிதாக இராது. வாடகை மலிவு என்று பலகைத் தடுப்பு போட்ட அறைக்கும் போய்விடாதீர்கள். 2025-ல் துபாய் மாநகராட்சி அந்த மாதிரி தடுப்புகளின் மேல் நடவடிக்கை எடுத்தபோது, பெட்டியோடு தெருவில் நின்றது குடியிருந்தவர்கள்தான். ரேட் விஷயம்: திர்ஹாமை டாலரோடு 3.6725 என்று 1997-லேயே கட்டிவைத்துவிட்டார்கள். ஏறுவதும் இறங்குவதும் நம் ரூபாய்தான். பத்து பைசா கூடக் கிடைத்தால் உங்கள் 4,000-க்கு 400 ரூபாய். அதற்காக எக்ஸ்சேஞ்ச் வாசலில் காத்துக்கிடக்க வேண்டாம். பிரித்துப் பிரித்து அனுப்பாமல் ஒரே தடவையாக அனுப்பினால் அனுப்பும் கட்டணமாவது மிஞ்சும்.

சிக்கனத்துக்கு உங்களுக்குச் சொல்ல என்னிடம் இவ்வளவுதான் இருக்கிறது. 2,300-இல் துபாயில் இருக்கிற மனிதரிடம் இன்னும் எதைக் குறைக்கச் சொல்வது?

என் அண்ணன் குவைத்தில் இருந்தார். 1990-இல் ஈராக் படை உள்ளே வந்ததும், அம்மான் வரை தரைவழியாகப் போய், அங்கிருந்து ஏர் இந்தியா விமானத்தில் ஊர் வந்து சேர்ந்தார். கையில் ஒரு ரெக்ஸின் பை. அம்மா துணி துவைக்க அதைக் கவிழ்த்தபோது ஒரு நாற்பது பக்க நோட்டு விழுந்தது. கடைசிப் பக்கங்களில் அறையில் கூட இருந்தவர்களிடம் வாங்கிய கைமாற்று, பெயர் பெயராக, தீனாரில். அடித்தது பாதி, அடிக்காதது பாதி. தேதிகளைப் பார்த்தால் ஒன்று எங்கள் வீட்டு வராந்தாவுக்கு கிரில் போட்ட மாதம், இன்னொன்று என் வளைகாப்பு. அம்மா நோட்டை மூடிவிட்டு, “ஏண்டா, நான் கேட்டேனா இந்த கிரில்லை?” என்றார். கேட்டிருந்தார். இரண்டு கடிதத்தில் கேட்டிருந்தார். பிள்ளையிடம் இருக்கிறது என்று நினைத்துக் கேட்டிருந்தார். அதற்குப் பிறகு ரொம்ப நாள் அம்மா வராந்தாவில் உட்காரவில்லை. அண்ணன் மேல் எனக்கு அந்தக் கோபம் இன்றைக்கும் உண்டு.

மாமனார் வீட்டு மரியாதை என்கிறீர்கள். மகனுக்கு மூன்று வயது, துபாய் வந்து 14 மாதம். அவர் பெண் கொடுத்தபோது உங்களுக்குத் துபாயே கிடையாதே! அப்போது இருந்த சம்பளத்தைப் பார்த்துத்தானே கொடுத்தார்? எட்டாயிரம் அவர் கேட்டது இல்லை, நீங்களாகப் போய்ச் சொன்னது.

பெற்றவர்களுக்கு அனுப்புவது பிள்ளையின் கடமை. அதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது. ‘உங்களுக்கு மிஞ்சினதை அனுப்புங்கள்’ என்று இந்தக் காலத்தில் சிலர் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். ஆனால் மனைவியை இருட்டில் வைத்துச் செய்கிற கடமையை நான் ஒத்துக்கொள்வதில்லை. அரிசி வாங்குவதும், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் பார்ப்பதும், உங்கள் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவதும் அந்தப் பெண். அவளுக்குப் பொய்க் கணக்கு, வங்கிக்காரனுக்கு நிஜக் கணக்கா?

முதலில் அவளிடம் சொல்லுங்கள். சுற்றிவளைக்காமல் சம்பளச் சீட்டையும் கார்டு ஸ்டேட்மென்ட்டையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டுக் கூப்பிடுங்கள். அழுவாள், திட்டுவாள், ரெண்டு நாள் பேசாமல் இருப்பாள். இருக்கட்டும். அப்புறம் வீட்டுக்கு 2,400, கார்டுக்கு 800. அந்தக் கார்டில் இனி ஒரு பைசா தேய்க்காவிட்டால், இதே வட்டியில் 14 மாதத்தில் அடையும். வந்து எத்தனை மாதமோ அத்தனை மாதம். பாக்கியைத் தவணைக் கடனாக மாற்றித் தருவார்களா என்றும் வங்கியில் கேளுங்கள், வட்டி இறங்கலாம். கட்டாமல் மட்டும் விட்டுவிடாதீர்கள். கடனுக்கு வங்கி கோர்ட்டுக்குப் போய் பயணத் தடை வாங்கிவிட்டால், வீட்டில் ஒரு நல்லது கெட்டதுக்குக்கூட விமானம் ஏற முடியாது. யாரிடமாவது நேரில் ஆலோசனை கேட்க வேண்டுமென்றால் துபாய் இந்தியத் துணைத் தூதரகத்தின் பிரவாசி பாரதீய சஹாயதா கேந்திரா, அதாவது அங்கே இருக்கிற இந்தியர்களுக்கான உதவி மையம், இருக்கிறது. எண் 800 46342. அழைப்புக்குக் காசு கிடையாது.

நாளை காலையிலிருந்து டிபன் சாப்பிடுங்கள். மாடி விஷயத்தில் மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்களா என்று இன்றைக்கே அப்பாவிடம் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் ஞாயிற்றுக்கிழமை வரை உங்களுக்கு நேரம் இருக்கிறது. கொடுத்துவிட்டார்கள் என்றால் இன்று ராத்திரியே பேசிவிடுங்கள்.