ஏழு வயதுக் குழந்தைக்கு எந்த டென்னிஸ் பந்து?

பெங்களூரு அல்சூரில் இருக்கும் ஒரு தாய், 7 வயது மகளுக்குப் பெரியவர்கள் ஆடும் வழக்கமான மஞ்சள் பந்தே போதுமா என்று கேட்டிருக்கிறார். போதாது. 254 செ.மீ. உயரத்திலிருந்து விட்டால் மஞ்சள் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்பும், அது அவள் தலைக்கு மேல். சிறுவர்களுக்கான மெதுவான சிவப்புப் பந்து 90 முதல் 105 செ.மீ. வரைதான். இடுப்புயரத்தில் வரும் பந்தைத்தான் மட்டையைச் சரியாக வீசி அடிக்க முடியும். தோளுக்கு மேல் வந்தால் குழந்தை பின்வாங்கி, பிடியைத் திருகிக்கொள்ளும். அந்தப் பழக்கம் லேசில் போகாது.

8 வயதுவரை சிவப்பு, 10 வரை ஆரஞ்சு, பிறகு பச்சைப் புள்ளி போட்ட மஞ்சள் பந்து என்று, படிப்படியாக அதிகம் எழும்பும் பந்துகளுக்குப் போவது பொதுவான வரிசை. என்னைக் கேட்டால் வயதைவிட உயரத்தைப் பாருங்கள். பெங்களூரு சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று சற்று மெல்லியது. சென்னையைவிடப் பந்து கொஞ்சம் வேகமாகவே பறக்கும். ஆகவே அடுத்த நிறத்துக்கு அவசரம் வேண்டாம்.

அடுக்குமாடியின் கார் நிறுத்துமிடத்தில் ஆடுவதென்றால் நுரைப்பந்து வாங்குங்கள், கண்ணாடிகள் தப்பிக்கும். காற்றிறங்கிய பழைய மஞ்சள் பந்து மாற்றாகாது: எடை குறையாது, ஒவ்வொன்றும் ஒரு விதமாக எழும்பும்.