மகள் ஐடி வேலை வேண்டாம் என்கிறாளா?

அம்மா, கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிற மகள் "இந்தத் துறை ஏழைகள் தலையில்தான் கை வைக்குது, நான் போகமாட்டேன்" என்று சொன்னால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். ஆனால் அவள் ஒன்றும் இல்லாததைச் சொல்லவில்லை.

நெதர்லாந்தில் குழந்தைப் பராமரிப்பு உதவித்தொகையில் யார் மோசடி செய்யக்கூடும் என்று கணிக்க வரித்துறை ஒரு மென்பொருளை வைத்திருந்தது. விண்ணப்பித்தவர் டச்சுக் குடியுரிமை இல்லாதவரா, அதையும் ஒரு சந்தேகக் காரணமாக அது எடுத்துக்கொண்டது. படிவத்தில் ஒரு கையெழுத்து விட்டுப்போனதற்கெல்லாம் பல ஆயிரம் யூரோவைத் திருப்பிக் கட்டச் சொல்லி, கடனில் மூழ்கி வீட்டையே இழந்தவர்கள் உண்டு. கடைசியில் 2021 ஜனவரியில் அரசே பதவி விலகியது. இன்னொரு பக்கம், செயற்கை நுண்ணறிவுக்காகக் கொடூரமான பதிவுகளை நாள் முழுக்கப் படித்துத் தரம்பிரித்த கென்யத் தொழிலாளர்களுக்கு மணிக்கு 2 டாலர்கூடக் கிடைக்கவில்லை என்று 2023இல் செய்தி வந்தது.

சரி, அதற்காகப் படிப்பை விடலாமா? கூடாது. முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை 2018இல் சோதித்து, கறுத்த பெண்களிடம் அவற்றில் ஒன்று 100க்கு 34 தடவைக்கு மேல் தப்பு செய்கிறது, வெளுத்த ஆண்களிடம் தப்பு 1 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்று எண்ணிக்கையோடு காட்டிய ஆய்வாளர்கள் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவருமே இதே துறையில் படித்தவர்கள்தான். வெளியில் நின்று திட்டியிருந்தால் அந்த எண் கிடைத்திருக்காது.

அதனால் அவள் புள்ளியியலை ஒழுங்காகப் படிக்கட்டும், தரவுப் பாதுகாப்புச் சட்டமும் கொஞ்சம் தெரிந்துகொள்ளட்டும். வேலைக்கு ஆளெடுக்கும் மென்பொருளை அதிக ஆபத்துள்ள வகையில் சேர்க்கும் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் கொண்டுவந்துவிட்டது, இனி இவற்றைத் தணிக்கை செய்ய ஆள் வேண்டும். 'ஏஐ அறம்' என்று சான்றிதழ் விற்கிற குறுகிய வகுப்புகளுக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். அதைவிட, ஒருவர் மறுபடி குற்றம் செய்வாரா என்று கணிக்க அமெரிக்க நீதிமன்றங்களில் பயன்பட்ட காம்பாஸ் என்ற மென்பொருளின் தரவை 2016இல் புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனம் பொதுவில் வைத்தது, அதை எடுத்து அவளே பிரித்துப் பார்த்து ஒரு ப்ராஜெக்ட் செய்தால் நேர்காணலில் பேச விஷயம் இருக்கும்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. தொண்டு நிறுவனங்களில் சம்பளம் குறைவு, பெரிய நிறுவனங்களிலோ ஆட்குறைப்பு வந்தால் மென்பொருளின் தப்பைத் தணிக்கை செய்கிற இந்த மாதிரிக் குழுக்கள் முதலில் அடிபடுவதுண்டு. அதனால் முதல் இரண்டு வருடம் சாதாரண மென்பொருள் வேலையில் இருந்து அனுபவம் சேர்த்துக்கொள்வது நல்லது என்பேன்.

அப்புறம், எந்தச் செய்தியைப் படித்து அவள் இப்படி ஆனாள் என்று உட்கார வைத்துக் கேளுங்கள். அன்றைக்குச் சம்பளப் பேச்சை எடுக்காதீர்கள்.